ஆங்கில அளவுச்சொற்கள்: எத்தனை என்பதும் எவ்வளவு என்பதும்

கேள்வி சுருக்கமாக இதுதான்: எண்ணக்கூடிய பெயர்ச்சொல்லுக்கு 'மெனி', எண்ண முடியாததற்கு 'மச்' என்று பள்ளியிலேயே படித்தாகிவிட்டது, விதியும் மனப்பாடம். ஆனாலும் அலுவலக மின்னஞ்சல் எழுதும்போது 'மெனி இன்ஃபர்மேஷன்ஸ்' என்றும் 'லெஸ் நம்பர் ஆஃப் ஸ்டாஃப்ஸ்' என்றும் கை எழுதிவிடுகிறது. 'ஃபியூ', 'எ ஃபியூ' இரண்டுக்கும் உள்ள வேறுபாடும் பிடிபடவில்லை. இதை எப்படிச் சரிசெய்வது?

விதியை இன்னும் பலமுறை படிப்பதால் இந்தப் பிழை நிற்காது, ஏனெனில் பிழை விதியில் நிகழவில்லை. 'மெனி இன்ஃபர்மேஷன்ஸ்' என்று எழுதியவர் விதியை ஒழுங்காகவே பின்பற்றியிருக்கிறார். தமிழில் தகவலை ஒன்று, இரண்டு என்று எண்ணுகிறோம்; ஆகவே அது எண்ணக்கூடியது; ஆகவே 'மெனி'; ஆகவே பன்மைக்கு ஓர் 'எஸ்'. முதல் படியைத் தவிர எல்லாமே சரி. தண்ணீரையும் மணலையும் வைத்திருக்கும் வரிசையில்தான் ஆங்கிலம் 'இன்ஃபர்மேஷ'னையும் வைத்திருக்கிறது என்பது தெரிந்திருந்தால் 'மச்' தானாகவே வந்திருக்கும். எனவே அளவுச்சொற்களைப் பற்றிய இந்தக் கேள்வி பெரும்பாலும் பெயர்ச்சொற்களைப் பற்றிய கேள்வியே. நானும் பெயர்ச்சொல்லை முதலில் பார்த்துவிட்டு அளவுச்சொல்லுக்குப் பிறகு வருகிறேன்.

இந்தப் பாகுபாடு தமிழருக்குப் புதிதன்று. 'எத்தனை தேங்காய் வேண்டும்?' என்று கேட்கும் கடைக்காரர் அடுத்த மூச்சில் 'எவ்வளவு எண்ணெய் வேண்டும்?' என்று கேட்கிறார். 'எத்தனை எண்ணெய்' என்று பேசப் பழகும் குழந்தைகூடக் கேட்பதில்லை. 'எத்தனை' எண்ணிக்கையைக் கேட்கிறது, 'எவ்வளவு' அளவைக் கேட்கிறது. 'ஹவ் மெனி', 'ஹவ் மச்' என்ற இரண்டும் செய்யும் வேலை இதுவேதான். 'சில', 'பல' என்பன எண்ணக்கூடியவற்றோடு நிற்கின்றன. 'சில தண்ணீர்' என்று யாரும் சொல்வதில்லை, 'சிறிது தண்ணீர்' என்றே சொல்கிறோம். பேச்சுத்தமிழில் 'எவ்வளவு பேர் வந்தாங்க', 'கொஞ்சம் பேர்தான் இருந்தாங்க' என்று இந்த எல்லை கொஞ்சம் தளர்ந்திருக்கிறது என்பது உண்மை. எழுத்துத்தமிழில் அது பெரும்பாலும் இறுக்கமாகவே இருக்கிறது. இப்படி ஒரு கருவி கையில் இருந்தும் ஆங்கிலத்தில் தடுமாறுவதற்கு இரண்டு காரணங்களைச் சொல்லலாம்.

ஒன்று, அஃறிணையில் பன்மை விகுதியைத் தமிழ் கட்டாயமாக்குவதில்லை. 'பத்து மாம்பழம் வாங்கினேன்' என்பது குறையில்லாத தமிழ். 'மாடு வந்தது', 'மாடு வந்தன' என்று ஒரே பெயர் இரு எண்ணுக்கும் நிற்பதைப் பார்த்துத்தான் நன்னூல் அப்படிப்பட்ட பெயர்களைப் 'பால்பகா அஃறிணைப் பெயர்கள்' என்றது. வினையைக் கொண்டே ஒருமையா பன்மையா என்று அறிகிறோம். ஆங்கிலத்தில் இந்தச் சலுகை கிடையாது. எண்ணக்கூடிய பெயர் ஒவ்வொரு முறை வாக்கியத்துக்குள் வரும்போதும் ஒருமையா பன்மையா என்று பதில் சொல்லியாக வேண்டும்; ஒருமையாக இருந்தால் 'எ', 'த', 'மை' போன்ற ஏதாவது ஒன்று முன்னே நிற்க வேண்டும், பன்மையாக இருந்தால் அதற்குரிய வடிவத்தைப் பெற வேண்டும். எண்ணவியலாத பெயருக்கு இந்த இரண்டு கடமையும் இல்லை: 'எ'யும் ஏற்காது, 'எஸ்'ஸும் ஏற்காது. 'அன் அட்வைஸ்', 'எ குட் நியூஸ்', 'வாட் எ லவ்லி வெதர்' ஆகிய மூன்றும் 'மெனி இன்ஃபர்மேஷன்ஸ்' பிறந்த அதே வீட்டில் பிறந்த பிழைகள்தாம். 'நியூஸ்' என்பதன் இறுதியில் இருக்கும் 'எஸ்' ஒரு காலத்தில் பன்மையாகவே கொள்ளப்பட்டது. இன்றைய ஆங்கிலத்தில் அது ஒருமை வினையையே கொள்கிறது.

இரண்டாவது காரணம்தான் பெரியது. இரு மொழிகளும் கோடு போடுகின்றன, ஆனால் ஒரே இடத்தில் போடுவதில்லை. தகவல், அறிவுரை, செய்தி, சான்று, வீட்டுப்பாடம், கருவி, நகை, ஆராய்ச்சி ஆகிய எல்லாவற்றையும் தமிழில் பன்மையாக்கலாம். இவற்றுக்கு ஈடாக நாம் கற்றுக்கொண்ட 'இன்ஃபர்மேஷன்', 'அட்வைஸ்', 'நியூஸ்', 'எவிடன்ஸ்', 'ஹோம்வொர்க்', 'எக்விப்மென்ட்', 'ஜுவல்லரி', 'ரிசர்ச்' எல்லாமே பொதுவழக்கு ஆங்கிலத்தில் எண்ணவியலாதவை. 'ஃபர்னிச்சர்', 'லக்கேஜ்' இரண்டையும் இந்தப் பட்டியலில் சேர்க்க வேண்டும். அறையில் நான்கு நாற்காலியும் ஒரு மேசையும் இருக்கும்போது ஐந்து என்று விரல்விட்டு எண்ணலாமே, பிறகு ஏன் 'ஃபைவ் ஃபர்னிச்சர்ஸ்' தவறு என்று மாணவர்கள் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். எண்ண முடியுமா என்பது பொருளைப் பற்றிய செய்தி. எண்ணத்தக்கது என்பது சொல்லைப் பற்றிய செய்தி. நாற்காலியைக் குறிக்கும் 'சேர்' எண்ணத்தக்க சொல், அதே நாற்காலியை உள்ளடக்கிய 'ஃபர்னிச்சர்' எண்ணவியலாத சொல். பெட்டி ஒன்றே: 'சூட்கேஸ்' என்றால் 'மெனி', 'லக்கேஜ்' என்றால் 'மச்'. பணமும் அப்படித்தான்; நாணயத்தை எண்ணுகிறோம், ரூபாயை எண்ணுகிறோம், ஆனால் 'மனி' என்ற சொல் எண்ணுக்குள் வருவதில்லை.

டென்மார்க் நாட்டு மொழியியலாளர் ஓட்டோ ஜெஸ்பர்சன் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கப் பதிற்றாண்டுகளில் இந்த வகைச் சொற்களை விரிவாக ஆராய்ந்தார். வெள்ளி, தண்ணீர், வெண்ணெய் போன்ற பருப்பொருள்களின் பெயர்களோடு இசை, ஓய்வு, போக்குவரத்து போன்ற நுண்பொருள்களின் பெயர்களையும் ஒரே வகுப்பில் அவர் வைத்தார். எல்லையோ வடிவமோ இல்லாத ஒரு திரளாக மொழி எதைப் பார்க்கிறதோ அதுவே அந்த வகுப்பு. உலகில் அது திரளாக இருக்கிறதா என்பது கேள்வியில்லை. தானியங்களைப் பார்த்தால் இது நன்றாக விளங்கும். அரிசியும் துவரம்பருப்பும் ஏறத்தாழ ஒரே பருமன். ஆனால் 'ரைஸ்' எண்ணவியலாதது, 'லென்டில்ஸ்' எண்ணத்தக்க பன்மை. கோதுமையாகிய 'வீட்' ஒருமை வினை கொள்ளும், 'ஓட்ஸ்' பன்மை வினை கொள்ளும். பட்டாணிக்கு ஒரு வரலாறே உண்டு. முன்பு ஆங்கிலத்தில் அதன் ஒருமைப் பெயரே 'ஸ்' ஒலியில்தான் முடிந்தது. அந்த ஒலியைப் பன்மை விகுதி என்று மக்கள் எண்ணிக்கொண்டு, 17-ஆம் நூற்றாண்டளவில் அதை வெட்டிவிட்டு ஒற்றைப் பட்டாணிக்கு 'பீ' என்ற ஒருமையைப் படைத்துக்கொண்டார்கள். இன்று 'மெனி பீஸ்' என்று சரளமாகச் சொல்கிறார்கள். இத்தகைய இடங்களில் காரணம் தேடுவது நேர விரயம். சொல்லை அதன் வகையோடு சேர்த்தே கற்க வேண்டும்.

இருந்தாலும் ஓரளவு கைகொடுக்கும் ஓர் அடையாளம் இருக்கிறது. பல பொருள்களை ஒரு தொகுதியாகச் சுட்டும் சொற்களில் சில ஈறுகள் திரும்பத் திரும்ப வருகின்றன. 'லக்கேஜ்', 'பேக்கேஜ்', 'ஃபோலியேஜ்' போல 'ஏஜ்' ஈறு. 'மெஷினரி', 'ஸ்டேஷனரி', 'ஜுவல்லரி', 'சீனரி' போல 'அரி' ஈறு. 'சாஃப்ட்வேர்', 'ஹார்ட்வேர்', 'கிச்சன்வேர்' போல 'வேர்' ஈறு. 'மெஷின்' எண்ணத்தக்கது, 'மெஷினரி' எண்ணவியலாதது. 'சீன்' எண்ணத்தக்கது, 'சீனரி' எண்ணவியலாதது. இதை விதியாகப் பிடித்துக்கொள்ளக் கூடாது: 'வில்லேஜ்', 'மெசேஜ்', 'பேக்கரி' மூன்றும் அதே ஈற்றில் முடிந்தாலும் தாராளமாக எண்ணத்தக்கவை.

எண்ணவியலாத சொல்லை எண்ணியே தீர வேண்டுமென்றால் ஓர் அலகை முன்னே வைக்க வேண்டும். 'எ பீஸ் ஆஃப் அட்வைஸ்', 'டூ பீசஸ் ஆஃப் ஃபர்னிச்சர்', 'எ லோஃப் ஆஃப் பிரெட்', 'எ பார் ஆஃப் சோப்', 'எ ஷீட் ஆஃப் பேப்பர்' என்பவை அப்படி வந்தவை. பன்மை அலகின் மேல் விழும், பெயரின் மேல் விழாது. இதுவும் நமக்குப் பழகிய முறைதான். ஒரு கட்டு கீரை, ஒரு கொத்து கறிவேப்பிலை, ஒரு பிடி அரிசி, இரண்டு குடம் தண்ணீர் என்று அலகை வைத்தே பேசுகிறோம். வேறுபாடு ஒன்றுதான்: தமிழில் அலகும் பொருளும் நேராக ஒட்டிக்கொள்கின்றன, ஆங்கிலத்தில் நடுவே 'ஆஃப்' வேண்டும். 'டூ கிலோ ரைஸ்' என்று நம்மவர் சொல்வது இந்த 'ஆஃப்' விடுபட்டதால். முழு வடிவம் 'டூ கிலோஸ் ஆஃப் ரைஸ்'. வகுப்பறையில் எல்லோரும் சொல்லும் 'சாக்பீஸ்' என்ற சொல்லைக் கவனித்துப் பாருங்கள். 'சாக்' எண்ணவியலாத பெயர் என்பதால் ஆங்கிலத்தில் 'எ பீஸ் ஆஃப் சாக்' என்றே கேட்க வேண்டும். அலகும் பொருளும் இடம் மாறி, தமிழின் சொற்புணர்ச்சி முறையில் ஒட்டி, ஒரே பெயராகிவிட்டது. நம் பேச்சில் அது நல்ல சொல்தான், ஆங்கிலக் கட்டுரையில் மட்டும் பிரித்து எழுத வேண்டும். கடையில் 'ரெண்டு சோப்பு' கேட்பது போல 'டூ சோப்ஸ்' என்றும், 'டூ பிரெட்ஸ்' என்றும் எழுதுவதும் அதே பழக்கத்தின் விளைவு.

'ஆஃப்' பற்றிப் பேசும்போது எண்ணுப்பெயர்களையும் சொல்லிவிடுகிறேன். 'ஹண்ட்ரட்', 'தவுசண்ட்', 'டஜன்' ஆகியவற்றுக்கு முன் ஒரு குறிப்பிட்ட எண் நின்றால் அவை பன்மையாகா, 'ஆஃப்' எடுக்கா: 'ஃபைவ் தவுசண்ட் ருபீஸ்', 'டூ டஜன் எக்ஸ்'. எண் இல்லாமல் 'ஆயிரக்கணக்கான', 'நூற்றுக்கணக்கான' என்ற பொருளில் வந்தால் இரண்டும் வேண்டும்: 'தவுசண்ட்ஸ் ஆஃப் பீப்பிள்'.

இன்னொரு சிக்கல், ஒரே சொல் இரு பக்கமும் நிற்பது. 'ஹேர்' என்றால் தலைமுடி முழுவதும். 'ஹர் ஹேர் இஸ் லாங்' என்பதே சரி, 'ஹேர்ஸ் ஆர்' என்பது பிழை. ஆனால் சாம்பாரில் ஒரு முடி கிடந்தால் அது 'எ ஹேர்', இரண்டு கிடந்தால் 'டூ ஹேர்ஸ்'. 'பேப்பர்' காகிதமாக இருக்கும்போது எண்ணவியலாதது. செய்தித்தாள், தேர்வுத்தாள், ஆய்வுக்கட்டுரை என்ற பொருள்களில் எண்ணத்தக்கது. 'கிளாஸ்' கண்ணாடியா, கண்ணாடிக் குவளையா என்பதைப் பொறுத்தது. 'டைம்' காலமானால் 'மச் டைம்', தடவையானால் 'மெனி டைம்ஸ்'. 'காபி' திரவமாக எண்ணவியலாதது. உணவகத்தில் 'டூ காபீஸ்' என்று கேட்பது இரண்டு கோப்பைகளைக் குறிப்பதால் எந்தத் தவறும் இல்லை. 'ஃப்ரூட்', 'ஃபிஷ்', 'சிக்கன்' எல்லாவற்றிலும் இதே நடப்பு.

வேலைக்கு விண்ணப்பிப்பவர்கள் இரண்டு சொற்களில் கூடுதல் கவனம் வைக்க வேண்டும். 'எக்ஸ்பீரியன்ஸ்' என்பது பணியில் சேர்ந்த அனுபவத்திறனைக் குறிக்கும்போது எண்ணவியலாதது; ஐந்தாண்டு அனுபவம் 'ஃபைவ் இயர்ஸ் ஆஃப் எக்ஸ்பீரியன்ஸ்' ஆகும், அங்கே 'எக்ஸ்பீரியன்சஸ்' வராது. வாழ்வில் நேர்ந்த தனித்தனி நிகழ்வுகளைச் சொல்லும்போது மட்டும் பன்மை வரும். 'வொர்க்' வேலை என்ற பொருளில் எண்ணவியலாதது. 'ஐ ஹேவ் மெனி வொர்க்ஸ்' என்று விடுப்பு மின்னஞ்சலில் எழுதினால், படிப்பவர் நீங்கள் ஓவியரோ கவிஞரோ என்று நினைப்பார், ஏனெனில் பன்மையில் அது படைப்புகளைக் குறிக்கும். கட்டுமானப் பணிகளைக் குறிக்கும் பொருளும் உண்டு; நம் பொதுப்பணித்துறையின் ஆங்கிலப் பெயரில் 'வொர்க்ஸ்' என்று பன்மை நிற்பது அதனால்தான். பார்க்கும் வேலையை எண்ண வேண்டுமானால் 'ஜாப்', 'டாஸ்க்' என்று மாற்றிக்கொள்ளலாம். அறிவுரைக்குச் 'சஜஷன்', போக்குவரத்துக்கு 'வெஹிக்கிள்', கவிதைக்குப் 'போயம்' என்று பெரும்பாலான எண்ணவியலாத சொற்களுக்கு அருகிலேயே எண்ணத்தக்க துணைச்சொல் ஒன்று இருக்கும். சந்தேகம் வரும்போது அந்தப் பக்கம் தாவிவிடுவது எழுதுவோரின் பழைய உத்தி.

இனி அளவுச்சொற்களுக்கு வரலாம். 'சம்', 'எனி', 'நோ', 'இனஃப்', 'எ லாட் ஆஃப்', 'ப்ளென்டி ஆஃப்', 'மோர்', 'மோஸ்ட்' ஆகியவை இருவகைப் பெயரோடும் வரும் என்பதால் அவற்றில் குழப்பம் குறைவு. பழைய ஆங்கிலம் இங்கும் பிரித்துத்தான் வைத்திருந்தது. எண்ணுக்கு 'மோ', அளவுக்கு 'மோர்', எண்ணுக்கு 'இனவ்', அளவுக்கு 'இனஃப்' என்று இருந்தவற்றில் எண்ணுக்குரிய வடிவங்கள் வழக்கொழிந்தன. எண்ணத்தக்க பன்மைக்கு மட்டும் வருபவை 'மெனி', 'ஃபியூ', 'சீவரல்', 'எ நம்பர் ஆஃப்'. எண்ணவியலாததற்கு மட்டும் வருபவை 'மச்', 'லிட்டில்', 'எ கிரேட் டீல் ஆஃப்', 'அன் அமவுண்ட் ஆஃப்'. 'ஈச்', 'எவ்ரி' இரண்டும் எண்ணத்தக்க ஒருமையோடு மட்டுமே சேரும்.

'மச்' பற்றிப் பாடநூல்கள் அழுத்திச் சொல்லாத ஒன்று: அது பெரும்பாலும் கேள்வியிலும் எதிர்மறையிலும் வாழும் சொல். 'ஐ டோன்ட் ஹேவ் மச் டைம்' இயல்பானது. 'ஐ ஹேவ் மச் டைம்' இலக்கணப்படி குற்றமில்லை என்றாலும் காதுக்கு ஒட்டாது. உடன்பாட்டு வாக்கியத்தில் 'எ லாட் ஆஃப்' எழுதுங்கள். அறிக்கை நடை வேண்டுமானால் 'எ கிரேட் டீல் ஆஃப்' எழுதுங்கள். 'டூ மச்', 'சோ மச்', 'ஆஸ் மச் ஆஸ்' என்று துணை சேர்ந்தால் உடன்பாட்டிலும் தயக்கமின்றி வரும். 'டூ மச்' என்பது வேண்டியதற்கு மேற்பட்டது என்ற குறையைச் சுமந்தது; 'ரொம்ப' என்ற பொருளில் பாராட்டாக அதைப் போடுவது நம் நாட்டு வழக்கம்.

'ஃபியூ', 'எ ஃபியூ' வேறுபாட்டுக்குத் தமிழின் ஏகாரத்தைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியவில்லை. 'கூட்டத்துக்குச் சிலர் வந்தார்கள்' என்றால் வந்தவர்களைப் பார்க்கிறோம்; 'கூட்டத்துக்குச் சிலரே வந்தார்கள்' என்றால் வராதவர்களைப் பார்க்கிறோம். எண்ணிக்கை இரண்டிலும் ஒன்றாகவே இருக்கலாம், நோக்குதான் வேறு. முன்னது 'எ ஃபியூ பீப்பிள் கேம்', பின்னது 'ஃபியூ பீப்பிள் கேம்'. தமிழ் ஒரு ஏகாரத்தைச் சேர்த்துச் செய்யும் வேலையை ஆங்கிலம் ஓர் 'எ'யை எடுத்துவிட்டுச் செய்கிறது. இந்த 'எ' விடுபட்டால் கடிதம் எப்படித் தடம்புரளும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு: ஒப்பந்த வரைவைப் படித்துவிட்டு 'வி ஹேவ் எ ஃபியூ கொஸ்சன்ஸ்' என்று எழுத நினைத்தவர், 'வி ஹேவ் ஃபியூ கொஸ்சன்ஸ்' என்று அனுப்பிவிடுகிறார். தம்மிடம் சில கேள்விகள் இருப்பதாக அவர் நினைக்கிறார். கேட்பதற்கு அனேகமாக ஒன்றுமில்லை என்று எதிர்த்தரப்பு புரிந்துகொண்டு அடுத்த கட்டத்துக்குப் போய்விடும். 'லிட்டி'லும் அப்படியே. 'தேர் இஸ் லிட்டில் ஹோப்' என்றால் நம்பிக்கை அவ்வளவாக இல்லை. 'தேர் இஸ் எ லிட்டில் ஹோப்' என்றால் கொஞ்சம் நம்பிக்கை இருக்கிறது. மருத்துவமனை வராந்தாவில் நிற்கும் உறவினருக்கு இந்த ஓர் எழுத்து எவ்வளவு முக்கியம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு மரபுத்தொடர்களையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்: 'க்வைட் எ ஃபியூ' பார்வைக்குக் குறைவுபோல் இருந்தாலும் 'கணிசமான எண்ணிக்கையில்' என்று பொருள்படும், 'ஒன்லி எ ஃபியூ' மறுபடியும் குறைவின் பக்கம் வந்துவிடும்.

'லெஸ்', 'ஃபியூயர்' விவாதம் ஆங்கிலேயரிடையிலேயே ஓயாதது. எண்ணத்தக்கவற்றுக்கு 'ஃபியூயர்', எண்ணவியலாதவற்றுக்கு 'லெஸ்' என்பது இன்றைய பாடநூல் விதி. ஆனால் 9-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேய மன்னர் ஆல்ஃபிரட்டின் எழுத்திலேயே எண்ணத்தக்க 'சொற்கள்' என்பதோடு 'லெஸ்' வந்திருக்கிறது. 1770-இல் ராபர்ட் பேக்கர் என்பவர், நூறு என்று எண் சொல்லும் இடத்தில் 'ஃபியூயர்' இருந்தால் மேலும் நயமாகவும் பொருத்தமாகவும் இருக்கும் என்று தமக்குத் தோன்றுவதாக எழுதினார். அந்தத் தனிமனித விருப்பம் பின்வந்த இலக்கண ஆசிரியர்களிடம் சட்டமாக இறுகியது. பிரிட்டனின் டெஸ்கோ பேரங்காடி தன் விரைவுப் பணப்பகுதிகளில் வைத்திருந்த 'டென் ஐட்டம்ஸ் ஆர் லெஸ்' என்ற பலகையைப் பலர் குறைகூற, 2008-இல் 'அப் டு டென் ஐட்டம்ஸ்' என்று மாற்றி இரண்டு சொல்லையுமே தவிர்த்துக்கொண்டது. என் கருத்து, எழுத்தில் விதியைக் கடைப்பிடியுங்கள், பேச்சில் பிறரைத் திருத்தப் போகாதீர்கள். தொலைவு, பணம், காலம், எடை ஆகியவற்றில் எண்ணும் பன்மையும் இருந்தாலும் 'லெஸ்' தான் வரும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது: 'லெஸ் தன் டென் கிலோமீட்டர்ஸ்', 'லெஸ் தன் ஃபைவ் தவுசண்ட் ருபீஸ்'. அங்கே பத்துக் கிலோமீட்டரைப் பத்துத் தனிப்பொருளாகப் பார்ப்பதில்லை, ஒரே நீளமாகப் பார்க்கிறோம். அதனால்தான் 'டென் கிலோமீட்டர்ஸ் இஸ்' என்று ஒருமை வினையும் வருகிறது.

கேள்வியில் வந்த 'லெஸ் நம்பர் ஆஃப் ஸ்டாஃப்ஸ்' என்பதில் இரண்டு முடிச்சுகள் உள்ளன. எண்ணிக்கையாகிய 'நம்பர்' சிறியதாகவோ பெரியதாகவோ இருக்குமே தவிர 'லெஸ்' ஆகாது. 'எ ஸ்மாலர் நம்பர் ஆஃப்' என்று எழுதலாம், அல்லது நேராக 'ஃபியூயர்' என்று சுருக்கிவிடலாம். 'லெஸ்ஸர் நம்பர்' என்று திருத்துவோரும் உண்டு. 'லெஸ்ஸர்' தரத்தையும் முக்கியத்துவத்தையும் ஒப்பிடும் சொல், எண்ணிக்கைக்கு அது பொருந்தாது. 'ஸ்டாஃப்' ஒரு நிறுவனத்தின் பணியாளர் தொகுதி முழுவதையும் குறிக்கும் சொல். ஒருவரைச் சொல்ல 'ஸ்டாஃப் மெம்பர்' வேண்டும். 'ஸ்டாஃப்ஸ்' என்ற பன்மை பல நிறுவனங்களின் பணியாளர் தொகுதிகளைச் சேர்த்துச் சொல்லும்போதுதான் வரும். ஆகவே 'ஃபியூயர் ஸ்டாஃப் மெம்பர்ஸ்' என்று எழுதினால் இரண்டு முடிச்சும் அவிழ்ந்துவிடும்.

'நம்பர்', 'அமவுண்ட்' இரண்டையும் அட்டவணை, வரைபடம் பற்றி எழுதுபவர்கள் அடிக்கடி மாற்றிவிடுகிறார்கள். மக்கள், வாகனங்கள், வழக்குகள் என்றால் 'நம்பர்'. நீர், மின்சாரம், கழிவு என்றால் 'அமவுண்ட்'. வினையிலும் ஒரு பொறி இருக்கிறது. 'எ நம்பர் ஆஃப் ஸ்டூடன்ட்ஸ்' என்பதில் 'எ நம்பர் ஆஃப்' வெறும் அளவுச்சொல், தலைமை 'ஸ்டூடன்ட்ஸ்' என்பதால் பன்மை வினை கொள்ளும். 'த நம்பர் ஆஃப் ஸ்டூடன்ட்ஸ்' என்பதில் பேசுபொருள் எண்ணிக்கையே, எனவே ஒருமை வினை. 'எ லாட் ஆஃப்' பின்னால் வரும் பெயரின் வழியே போகும்: தண்ணீரென்றால் 'இஸ்', மக்களென்றால் 'ஆர்'.

'ஒன் ஆஃப் மை ஃபிரெண்ட்' என்ற பிழைக்கு மட்டும் தமிழைக் குறைசொல்ல முடியாது. 'என் நண்பர்களில் ஒருவர்' என்று தமிழிலும் பன்மைதான் இருக்கிறது. 'ஒன்' என்ற ஒலி காதில் விழுந்ததும் அடுத்த பெயரை ஒருமையாக்கிவிடுகிறோம். பலரிலிருந்து ஒருவரை எடுப்பதால் பெயர் பன்மை, எடுக்கப்பட்டவர் ஒருவர் என்பதால் வினை ஒருமை. இதே 'ஆஃப்' கட்டுமானத்தில் 'சம் ஆஃப்', 'மோஸ்ட் ஆஃப்', 'மெனி ஆஃப்' ஆகியவற்றுக்குப் பின் பொதுப்பெயர் வந்தால் 'த', 'மை', 'தீஸ்' போன்ற சுட்டு ஒன்று வந்தாக வேண்டும். 'மோஸ்ட் பீப்பிள்' சரி, 'மோஸ்ட் ஆஃப் த பீப்பிள்' சரி, இடைப்பட்ட 'மோஸ்ட் ஆஃப் பீப்பிள்' சரியன்று.

எப்போதும் பன்மையாகவே நிற்கும் 'சிசர்ஸ்', 'டிரவுசர்ஸ்' போன்றவற்றை எண்ண 'பேர் ஆஃப்' போதும். 'பொலீஸ்', 'கேட்டில்' இரண்டும் பன்மை வினை கொள்ளும்; 'க்ளோத்ஸ்' என்பதோடு 'மெனி' வரும், ஆனால் 'த்ரீ க்ளோத்ஸ்' என்று எண் வராது.

கடைசியாக, 'ஃபர்னிச்சர்ஸ்', 'எக்விப்மென்ட்ஸ்' போன்றவை இந்தியாவில் இவ்வளவு பேரால் எழுதப்படும்போது அவற்றைப் பிழையென்று சொல்லலாமா என்று கேட்பவர்கள் உண்டு. இந்தியா, சிங்கப்பூர், நைஜீரியா ஆகிய நாடுகளின் ஆங்கிலத்தில் இந்தப் பன்மைகள் பரவலாக இருப்பதை மொழியியலாளர்கள் பதிவுசெய்திருக்கிறார்கள், சொற்கள் பக்கம் மாறுவதும் கண்முன்னே நடப்பதுதான்: 'மெயில்' எண்ணவியலாததாக இருந்தும் 'இமெயில்ஸ்' எங்கும் ஏற்கப்பட்டுவிட்டது, இலக்கணப்படி பன்மையான 'டேட்டா' அறிவியல் கட்டுரைகளில் பன்மையாகவும் மற்ற இடங்களில் எண்ணவியலாத ஒருமையாகவும் இரண்டு விதமாக வழங்குகிறது. ஆனால் வெளிநாடு செல்வோரின் ஆங்கிலத் திறனைச் சோதிக்கும் ஐஇஎல்டிஎஸ் போன்ற தேர்வில் எழுத்துப்பகுதியின் நான்கு மதிப்பீட்டுக் கூறுகளில் ஒன்று இலக்கணம். வெளிநாட்டு வாடிக்கையாளருக்குப் போகும் அறிக்கையிலும் படிப்பவரின் பழக்கமே அளவுகோல். அங்கெல்லாம் பொதுவழக்கையே பின்பற்றுவது நல்லது.

எந்தச் சொல் எந்தப் பக்கம் என்று பார்க்கக் கற்போருக்கான அகராதி ஒன்று போதும். ஏ. எஸ். ஹார்ன்பி ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்த காலத்தில், பன்மை விகுதியைக் கட்டாயமாக்காத மொழி பேசும் மாணவர்களுக்காகத் தொகுத்த அகராதி 1942-இல் டோக்கியோவில் வெளிவந்தது. 1948-இல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகப் பதிப்பகம் அதை உலகெங்கும் கொண்டுசென்றது. எண்ணத்தக்கதற்கு 'சி', எண்ணவியலாததற்கு 'யு' என்று பெயர்ச்சொல்லின் அருகில் ஓர் எழுத்தைக் குறிக்கும் அதன் முறையை இன்று கற்போர் அகராதிகள் அனேகமாக எல்லாமே பின்பற்றுகின்றன. இருமுகச் சொற்களுக்குப் பொருள்வாரியாகத் தனித்தனியே குறித்திருப்பார்கள் என்பதால், முதல் பொருளோடு நிறுத்திவிடாமல் நீங்கள் எழுதப்போகும் பொருளின் எதிரே எந்த எழுத்து இருக்கிறது என்று பார்க்க வேண்டும். குறிப்பேட்டில் எழுதும்போது 'அட்வைஸ்: அறிவுரை' என்று எழுதாமல் 'எ பீஸ் ஆஃப் அட்வைஸ்', 'மச் அட்வைஸ்' என்று அதன் துணையோடு எழுதிவைத்தால், மின்னஞ்சலில் அந்தச் சொல் வரும்போது அதற்குரிய அளவுச்சொல்லும் சேர்ந்தே வரும்.